கண்விழிக்கத் திணறிய கணினி

ஜார்ஜ்டவுன் நகரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நூலக அறையில், சாளரத்தை ஒட்டிய மேசைமீது கணினி ஒன்று இருந்தது. 2004ஆம் ஆண்டளவில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியால் வாங்கப்பெற்றது. வெண்ணிறமாக வந்து சேர்ந்த அதன் பெட்டி, பன்னிரண்டு ஆண்டுகளில் பழுத்த வெற்றிலையின் நிறத்தை அடைந்திருந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று மாணவர் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இடுவர், திருநீறும் பூசுவர். அத்திருநீற்றில் ஒரு பங்கு காற்றுத்துளை வழியே உள்ளே போய்ச் சேர்ந்ததைப் பற்றி எவரும் எண்ணியிருக்கவில்லை.

2016ஆம் ஆண்டு மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு. 1816 அக்டோபர் 21ஆம் நாள் தொடங்கப்பெற்ற பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பும் இடம்பெற்றதைக் கொண்டே அவ்வகவை கணக்கிடப்படுகிறது. அவ்வாண்டில் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தத்தம் வரலாற்றைத் தேடத் தொடங்கின. இப்பள்ளிக்கோ தேட வேண்டிய தேவையே இல்லை எனக் கருதப்பட்டது. அங்கே பணியாற்றி, ஓய்வு பெற்று, சில ஆண்டுகளில் மறைந்தும் போன தமிழாசிரியர் ஒருவர், அவ்வேலையை முன்னரே செய்து வைத்திருந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்கியோர், நகராட்சித் துப்புரவுப் பணியாளர், தண்ணீர்மலை முருகனுக்கு ஐம்பது ஆண்டு காவடி எடுத்தோர், சப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் வளர்த்தோர் எனப் பலரையும் கண்டு பேசி, அவர்கள் கூறியவற்றைக் கூறியவாறே தட்டச்சிட்டு வைத்திருந்தார். முதியோருள் பெரும்பாலார் இன்று இல்லை. ஆசிரியரும் இல்லை. மெல்தட்டுகளில் அவர் எடுத்து வைத்த படிகள் பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை பூத்து, எப்பொறியும் ஏற்காத நிலையை எய்திவிட்டன. எஞ்சியது அந்தப் பழைய கணினியின் வன்தட்டு ஒன்றே.

அக்கணினி அவ்வாண்டின் தொடக்கம் முதலே எழுந்திருக்க மறுத்து வந்தது. விசையை அழுத்தினால் விசிறி சுழலும். ஒருமுறை ‘பீப்’ என ஒலிக்கும். உற்பத்தியாளரின் முத்திரை திரையில் தோன்றும். அதன்பின் எங்கேனும் ஓரிடத்தில் அசைவற்று நின்றுவிடும். மின்னிணைப்பை அணைத்து மீண்டும் போட்டால், இன்னும் சற்றுத் தொலைவு சென்று நிற்கும். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ முழுதும் எழும். நூலகப் பொறுப்பாசிரியை இதனை ஒரு பிடிவாதக் குழந்தையின் குணமாகவே கொண்டு, காலையில் கால்மணி நேரம் முன்னதாக வந்து அதனை எழுப்பும் வழக்கத்தை மேற்கொண்டார். "டீச்சர், மூணாவது தரம் தட்டுனாதான் எழும்பும்" என்று மாணவரே புதியவர்க்கு அறிவுரை கூறுமளவுக்கு அவ்வழக்கம் வேரூன்றியது. மே மாதத்தில் ஒருநாள் பத்து முறை தட்டியும் அது எழவில்லை.

பள்ளிக்கு அண்மையில் இருந்த கடை ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். இரண்டுமுறை இயக்கிப் பார்த்தார். இயங்குதளம் கெட்டுவிட்டது என்றும், வன்தட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும் என்றும் கூறினார். அவர் கூறியது தீய எண்ணத்தால் அன்று. பத்துக் கணினிகளில் ஏழெட்டுக்கு அவ்வழியே போதுமானதாக இருந்திருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஆசிரியையும் உடனே கூறவில்லை. "துடைத்துவிட்டு" என்னும் சொல் மட்டும் ஆசிரியையின் நெஞ்சில் தைத்தது. நாளை சொல்வதாகக் கூறி அவரை அனுப்பி வைத்தார்.

மறுநாள் மாலை, தம் மகளை அழைத்துச் செல்ல வந்திருந்த தாய் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இச்செய்தி போயிற்று. அவ்வம்மையார் அப்பள்ளியின் பழைய மாணவி. மறைந்த ஆசிரியரிடம் ஆறாம் வகுப்பில் பயின்றவர். பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலை ஒன்றில் கால் நூற்றாண்டு உழைத்தவர். ஒரு காலத்தில் பினாங்கில் அவரை ஒத்த பெண்கள் இல்லாத தமிழ்க்குடும்பத்தைக் காண்பது அரிது. 1969ஆம் ஆண்டில் தீவு தன் வரியற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையில் தத்தளித்தது. அவ்வாண்டே முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ தொழிற்சாலைகளை அழைத்து வருவதில் முனைந்தார். 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பாயான் லெப்பாஸில், நெல்வயலாயிருந்த ஐந்து ஏக்கர் நிலத்தில் அமைத்தது. தொடர்ந்து வந்த ஆலைகளின் நிறுவனப் பேருந்துகள் விடியற்காலையில் ஊர்தோறும் நின்று, மலாய், சீன, தமிழ்ப் பெண்களை ஏற்றிச் சென்றன. உருப்பெருக்கியின் கீழ் ஈயப்பற்றுகளை நோக்கி நோக்கியே அவர்களுட் பலர் கண்ணாடி அணியும் அகவையை விரைவில் எய்தினர். உலகம் முழுதும் மேசைகளில் அமர்ந்த கணினிகளின் உள்ளுறுப்பு பல அவர்கள் கைபட்டவை. அவர்கள் வீட்டில் அக்கணினி இருந்ததா என்பது வேறு செய்தி.

"டீச்சர், எங்க நின்னுச்சு? முத்திரையிலயா, அதுக்கப்புறமா?" என்பதே அவ்வம்மையாரின் முதற் கேள்வி.

ஆசிரியையிடம் விடை இல்லை. "ஏதோ ஓரிடத்திலே நின்னுடுது அக்கா" என்றார். எழவில்லை என்பது மட்டுமே அவர் மனத்தில் பதிந்திருந்தது. மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் கூறும் நோயாளியின் நிலை அது.

கணினி கண்விழிப்பது ஒரே செயல் அன்று, படிப்படியானது. விசையை அழுத்தியதும் மின்வழங்கி தன் மின்னழுத்தங்கள் செம்மையாக உள்ளனவா எனப் பார்த்து, "நலமே" என்னும் குறிப்பைத் தாய்ப்பலகைக்கு அனுப்பும். அதன்பின் தாய்ப்பலகையில் நிலைபெற்றுள்ள பயாஸ் என்னும் சிறு நிரல் விழிக்கும். அது நினைவகம், விசைப்பலகை, திரை, தட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். குறையில்லையேல் பல பொறிகளில் ஒற்றை ஒலியால் அதனை அறிவிக்கும். பின்னரே வன்தட்டின் முதற்பகுதியில் உள்ள மிகச்சிறு நிரலை நினைவகத்தில் ஏற்றி, தன் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். அச்சிறு நிரல் தன்னினும் பெரிய நிரலை அழைக்கும். அது இயங்குதளத்தை அழைக்கும். பள்ளித் திறப்புக்கு முதலில் வரும் காவற்காரர் வாயிலைத் திறந்து, அடுத்து வருபவர் அலுவலகத்தைத் திறந்து, பின்னர் வகுப்பறைகள் திறக்கப்படுவது போன்றதே இது. எந்தக் கதவின் முன் கூட்டம் நிற்கிறது என்று கண்டால், எவர் வரவில்லை என்பது தெரிந்துவிடும்.

அம்மையார் ஒரு தாளை வாங்கி, அன்று மாலை ஐந்து முறை இயக்கி, ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தைக் குறித்தார். ஒவ்வொரு முறையும் விசைப்பலகையில் எண்பூட்டு விசையை அழுத்திப் பார்த்தார். அவ்விசைக்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மறுமொழி தருமாயின் பொறி உள்ளே உயிரோடிருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். விளக்கும் மாறவில்லையேல் அது உண்மையிலேயே நின்றுவிட்டது. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பொறியைக் குறை கூறுவோர் பலர். கடிகார மின்கலம் தீர்ந்த பழங்கணினி, நாளும் நேரமும் மறந்து, தொடர்வதற்கு எஃப்-ஒன் விசையை அழுத்துக என்று பணிவோடு திரையில் எழுதிக் காத்திருக்கும். அதனைப் படியாமல் மின்னிணைப்பைப் பிடுங்குவோரும் உளர். இப்பள்ளிக் கணினியிலும் அம்மின்கலம், காசளவினதாகிய மூன்று வோல்ட் மின்கலம், செத்தே போயிருந்தது. ஆயினும் நோய் அதுவன்று. விளக்கு ஐந்து முறையும் அசையவில்லை.

நின்ற இடங்களோ ஐந்தும் ஐந்து. ஒருமுறை முத்திரையில், ஒருமுறை நினைவகத்தை எண்ணுகையில், ஒருமுறை விண்டோசின் நகரும் பட்டையில். எஃப்-எட்டு விசையை அழுத்திப் பாதுகாப்பு முறையில் எழுப்பியபோது, கோப்புகளின் பெயர்கள் வரிவரியாக இறங்கி, ‘மப்’ எனத் தொடங்கும் ஒன்றில் நின்றது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் உலகெங்கும் மிகுந்த பழிச்சொல்லுக்கு ஆளான கோப்பு அது. திரையில் இறுதியாகத் தெரிவது அதன் பெயராகையால் அதுவே குற்றவாளி எனப் பலரும் அதனை நீக்கிப் பார்த்தனர். உண்மையில் அது தன் பணியைப் பெரும்பாலும் முடித்திருக்கும். அதற்குப்பின் வரவேண்டிய ஏதோ ஒன்று வாராமையே தடை. வகுப்பில் கூச்சல் எழுந்தபோது கதவருகே நின்ற பிள்ளை அடிவாங்குவது போன்றதே அது.

ஒரே இடத்தில் நின்றிருந்தால் அவ்விடத்துக் கோப்பையோ தட்டையோ ஐயுறலாம். இடம் மாறி மாறி நிற்குமாயின், எல்லா இடத்துக்கும் பொதுவான ஒன்றையே முதலில் ஐயுற வேண்டும்: மின்சாரம், வெப்பம், நினைவகம். "தட்டு மேல எனக்குச் சந்தேகம் இல்ல டீச்சர். அதத் துடைக்க விட்டுடாதீங்க" என்றார் அம்மையார். ஆசிரியை அன்றிரவு நன்கு உறங்கியதாகப் பின்னர்க் கூறினார்.

பெட்டியைத் திறப்பது மறுநாள் நடந்தது. மின்கம்பியைப் பிடுங்கி, அதன்பின் ஒருமுறை தொடக்க விசையை அழுத்தி, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடித்து, வெறுங்கையால் பெட்டியின் இரும்பைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிய பின்னரே அவர் கை உள்ளே சென்றது. மின்வழங்கியின் பெட்டியை மட்டும் அவர் திறக்கவில்லை. பிறரையும் திறக்க விடவில்லை. 240 வோல்ட் நேரே வந்திறங்கும் இடம் அது. இணைப்பை நீக்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். தூசும் திருநீறும் நூலாம்படையும் வர்ணத்தூரிகையால் அகற்றப்பட்டன. நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மாணவர் ஒருவரின் அழிப்பானால் மெல்லத் துடைத்து, துகள்களை அகற்றி மீண்டும் பொருத்தினார். ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் இதுவொன்றே பாதி நோயைத் தீர்க்கும். தீரவில்லை.

அப்போதுதான் அவர் பார்வை மையச் செயலியைச் சூழ நின்ற சிறு உருளைகளின்மீது விழுந்தது. மின்தேக்கிகள் எனப்படும் அவை, மின்வழங்கியிலிருந்து வரும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வைத் தணித்துச் செயலிக்கு ஒரு சீராக ஊட்டுவன. அலையும் ஆற்றைத் தேக்கி வாய்க்காலில் விடும் குளத்தைப் போன்றவை. அவற்றின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். இங்கே மூன்றின் தலை புடைத்திருந்தது. ஒன்றின் தலையிற் கீறிய குறுக்குக்கோடு வழியே பழுப்பு நிறக் கசிவு உறைந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டு அதனைப் போன்றவற்றையே நோக்கிய கண்களுக்கு உருப்பெருக்கி தேவைப்படவில்லை. காலையில் எழ மறுத்து, சிலமுறை முயன்றபின் எழுந்த குணத்துக்கும் விடை கிடைத்தது. உட்திரவம் வறண்ட மின்தேக்கி குளிர்ந்த நிலையில் மிகவும் தளர்ந்திருக்கும். சற்றுச் சூடேறினால் ஓரளவு தேறும். தோற்ற ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததற்குச் சூடேற்றித் தந்தது. அதே சூடுதான் அதன் வாழ்நாளையும் குறைத்தது; இவ்வகை மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் பத்துப் பாகை ஏறுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு.

இந்நோய் அவ்வொரு கணினிக்கு மட்டும் உரியதன்று. 1999 தொடங்கிச் சில ஆண்டுகள் உலகெங்கும் செய்யப்பட்ட தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் இவ்வாறே வீங்கின. ஜப்பானில் உருவான ஒரு திரவக் கலவையின் வாய்பாடு களவாடப்பட்டு, முழுமையின்றி தைவான் நாட்டு ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்றும், அலுமினியத்தை நீர் அரியாமல் காக்கும் சேர்மானம் அதில் விடுபட்டதால் உள்ளே ஐட்ரசன் வாயு பெருகியது என்றும் 2002, 2003ஆம் ஆண்டுகளில் செய்தி வெளிவந்தது. பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியவன் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்ட கதையாக அது உலவியது. எல்லா வீக்கத்துக்கும் அக்களவே காரணம் என்று கொள்வதற்கில்லை; புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனத்தின் மின்தேக்கிகளும் அக்காலத்தில் பழுதுற்றன. டெல் நிறுவனம் 2003க்கும் 2005க்கும் இடையே விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளின் பொருட்டு, 2005இல் முப்பது கோடி அமெரிக்க டாலரைச் செலவாகக் கணக்கில் எழுத நேர்ந்தது.

நிற்க. வன்தட்டு குற்றமற்றது எனத் தெளிந்தபின் அதனைக் கழற்றி, பழைய நாற்பது ஊசி இணைப்பை யுஎஸ்பி இணைப்பாக மாற்றும் கருவியொன்றின் வழியே புதுக் கணினியில் பொருத்தினர். கோப்புகள் அனைத்தும் இருந்தன. ஒன்றைத் திறந்தார் ஆசிரியை. திரை முழுதும் தலையிற் புள்ளியும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்! ஒரு தமிழெழுத்தும் இல்லை.

கணினியில் தமிழ் வந்த வரலாற்றை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. இந்நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்திலும் அதன்பின் நெடுநாளும், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் கொண்டிருந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தும், அது பள்ளிகளின் அன்றாட வழக்குக்கு வரப் பல்லாண்டு ஆயிற்று. இடைக்காலத்தில் திஸ்கி என்னும் குறியாக்கம் புலம்பெயர் தமிழரிடையே பரவியது. மறைந்த ஆசிரியர் தட்டச்சிட்டது அதில்தான். பழைய தட்டிலேயே எழுத்துருவும் இருந்தமையால் அதனைப் படியெடுத்துப் புதுக் கணினியில் நிறுவியதும், சப்பானியர் காலத்து மரவள்ளிக் கிழங்கு திரையில் தமிழாகவே தோன்றிற்று. அறையில் இருந்த மாணவர் கைதட்டினர்.

யூனிகோடுக்கு மாற்றி அச்சிட்ட பின்னரே மற்றொரு குறை தெரிந்தது. ‘ருந்தது’, ‘ங்கே’, ‘ல்லை’, ‘றங்கினோம்’ எனச் சொற்கள் தலையிழந்து நின்றன. திஸ்கியில் இகரம் அமர்ந்த இடத்தின் எண் 173. பிற குறியாக்கங்களில் அது வரியிறுதியில் மட்டும் தெரியும் மென்கோட்டுக்கு உரியது. ஆகவே சில செயலிகள் அதனைக் கண்ணுக்குப் புலப்படாத குறியாக எண்ணி விழுங்கிவிடும். கணினியறிஞர் பின்னர் இகரத்துக்கு வேறோர் இடமும் தந்தனர். அதற்குமுன் எழுதப்பெற்றவை எழுதியவாறே தங்கிவிட்டன.

பள்ளியில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அப்பக்கங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன. கையில் ஆளுக்கொரு பென்சில். ஆசிரியை கரும்பலகையில் மொழிமுதல் எழுத்துகளை எழுதி வைத்தார். மெய்யெழுத்துத் தனித்துச் சொல்லைத் தொடங்காது; டகரமும் றகரமும் ளகரமும் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா. ஆதலின் அவற்றில் தொடங்கும் சொல்லின்முன் இகரம் தொலைந்திருக்கிறது என்று கொள்க. இலக்கண வகுப்பில் கொட்டாவி விட்ட பிள்ளைகள், தொலைந்த எழுத்தைத் தேடிப் பிடிப்பதில் ஒருவரையொருவர் முந்தினர். ‘மை’ என்று நின்ற ஒரு சொல், கண்ணுக்குத் தீட்டும் மையா அன்றி இமையா என்று ஒரு பிற்பகல் முழுதும் வழக்காடினர். ‘இமையே மூட முடியாமல் காய்ச்சலில் கிடந்த’ மூதாட்டி என்று அடுத்த வரி தெளிவித்தது.

தீராது நின்றது ஒன்றே. தோட்டத்திலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த முதியவர் ஒருவரின் கூற்றில் ‘ரப்பர்’ என்னும் சொல் பதினொரு முறை வருகிறது. ரகரம் மொழிக்கு முதலாகாது என்னும் மரபு தவறாத ஆசிரியர், ‘இரப்பர்’ என்றே எழுதி, பொறி அதன் இகரத்தை விழுங்கியிருக்கலாம். கூறியவாறே எழுதுவது என்னும் கொள்கையால் ‘ரப்பர்’ என்றே விட்டிருக்கவும் கூடும். பழைய மாணவியாகிய அம்மையாரைக் கேட்டனர். வகுப்பில் அவர் எப்போதும் இகரமிட்டே எழுதச் சொன்னார் என்றும், இரப்பர் என்றால் பிச்சையெடுப்பர் என்றும் பொருள்படுமே என்று கேட்ட மாணவனைப் பார்த்து அவரே முதலில் சிரித்தார் என்றும் அவர் நினைவுகூர்ந்தார். பேச்சில் அவர் எப்படிச் சொல்வார் என்பது அவருக்கும் நினைவில்லை.

வீங்கிய மின்தேக்கிகளை அம்மையாரே ஒரு சனிக்கிழமை மாற்றினார். அதே கொள்ளளவு, குறையாத வோல்ட், 105 பாகை வெப்பம் தாங்கும் வகை, எதிர்மின் கோடு உரிய பக்கத்தில். விலை சில ரிங்கிட்டே ஆயிற்று. கணினி முதல் தட்டிலேயே எழுந்தது. அச்சிட்ட பக்கங்கள் இன்று நூலகத்தில் நூலாகக் கட்டப்பட்டுள்ளன. ‘ரப்பர்’ வரும் பதினொரு இடத்திலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கிறது.